கிளினிக் மென்பொருள் நின்றுபோனால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

"சாஃப்ட்வேர் போய்விட்டது" என்று கிளினிக்குகளிலிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் மென்பொருள் நன்றாகவே இருக்கும். அது நம்பியிருக்கும் ஏதோ ஒன்றுதான் கைவிட்டிருக்கும்: ஒரு கம்பி, ஒரு முகவரி, ஒரு கடிகாரம், வட்டில் தீர்ந்துபோன இடம். கிளினிக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்திருக்கும் அறிகுறிக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

## எதையும் தொடுவதற்கு முன்

மருத்துவம் நிற்கக் கூடாது. அச்சடித்த காகிதப் படிவக் கட்டு ஒன்று வரவேற்பு மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கட்டும். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், வந்த நேரம், ஒவ்வாமை, கொடுத்த மருந்து, பெற்ற கட்டணம் ஆகியவற்றுக்கு இடம் இருந்தால் போதும். ஒவ்வாமைக்குத் தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். திரை வேலை செய்யும்போது பென்சிலின் ஆகாதவருக்கு அதே வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதினால் மென்பொருள் எச்சரிக்கும், காகிதம் எச்சரிக்காது. எனவே கணினி நின்ற அந்த நேரத்தில் ஒவ்வொரு நோயாளியிடமும் வாய்திறந்து கேட்டாக வேண்டும்.

அடுத்து இரண்டு கேள்விகள். கோளாறு ஒரு கணினியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது? மின்வெட்டு, விண்டோஸ் புதுப்பிப்பு, புது ரவுட்டர், இடம் மாற்றிய மேசை என எதுவாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

திரையில் வரும் பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் நோயாளியின் பெயர் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைவைக்கக் கூடாதவை மூன்று உண்டு. மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவாதீர்கள். பழைய காப்பு நகலை இப்போதைய தரவின் மேல் ஏற்றாதீர்கள். இடம் வேண்டும் என்று சர்வரில் (எல்லாக் கணினிகளுக்கும் தரவு தரும் மையக் கணினியில்) பெயர் புரியாத கோப்பு எதையும் அழிக்காதீர்கள். அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் கோளாறு, பல மாதத் தரவு இழப்பாக மாறுவது இந்த மூன்றினால்தான்.

## திறக்கவே இல்லை, அல்லது "சர்வருடன் இணைய முடியவில்லை" என்கிறது

### ஒரே கணினியில் மட்டும் என்றால்

கம்பியிலிருந்து தொடங்குங்கள். கணினியின் பின்புறம் நெட்வொர்க் கம்பி செருகும் துளையருகே சிறு விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கம்பியைக் கழற்றி, 'டக்' என்று ஒலி கேட்கும்வரை மறுபடி செருகுங்கள். செருகியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு முறிந்திருந்தால் கம்பி பிடிமானம் இல்லாமல் நழுவிக்கொண்டே இருக்கும். தரை துடைக்கும்போது லேசாக இடித்தாலே போதும். அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள்.

விளக்கு எரிந்தும் இணையவில்லை என்றால் கணினியின் ஐபி முகவரியை (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை) பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கம்பியின் மறுமுனையை நெட்வொர்க் சுவிட்சின் (எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் பெட்டியின்) வேறு துளையில் செருகிப் பாருங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். வைஃபையில் இயங்கும் மடிக்கணினி என்றால், அது காத்திருப்போருக்கான வைஃபைக்குத் தாவியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வலையமைப்பிலிருந்து சர்வர் தெரியக் கூடாது; தெரியாமல் இருப்பதே சரி.

### எல்லாக் கணினிகளிலும் என்றால்

சர்வருக்கும் சுவிட்சுக்கும் மின்சாரம் வருகிறதா? சர்வரின் மின்செருகியை யாரேனும் வேறு கருவிக்காகக் கழற்றியிருக்கிறார்களா? இது சாதாரணமாக நடக்கிறது. சர்வர் ஓடுகிறது என்றால், வட்டில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்று பாருங்கள். இடம் தீர்ந்த வட்டில் தரவுத்தளம் புதிதாக எதையும் எழுத முடியாமல் நின்றுவிடும். பதிவிறக்கங்கள், குப்பைத்தொட்டி இரண்டையும் மட்டும் காலி செய்யுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகோ புதுப்பிப்புக்குப் பிறகோ வந்த கோளாறு என்றால் மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். தரவுத்தளச் சேவை தானாகத் தொடங்காமல் இருக்கலாம். விண்டோஸின் சேவைகள் பட்டியலில் அதைத் தொடங்கலாம். ரவுட்டர் சர்வருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். மற்ற கணினிகள் இன்னும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் சர்வருக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இது மறுபடி வராது. மூன்றாவதாக, விண்டோஸ் உங்கள் வலையமைப்பைத் 'தனிப்பட்டது' என்பதிலிருந்து 'பொது' என்று மாற்றி வைத்திருக்கலாம். அப்போது ஃபயர்வால் மற்ற கணினிகளை உள்ளே விடாது.

### இணையத்தில் இயங்கும் மென்பொருள் என்றால்

வேறு ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஒரு கணினியை இணைத்து வரவேற்பு வேலையைத் தொடருங்கள். மற்றவை எல்லாம் திறந்து, உங்கள் மென்பொருள் மட்டும் மறுத்தால், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே வந்தால், வழக்கமான சாளரத்தில் சேமிப்பாகியிருக்கும் பழைய குக்கிகளே காரணம். சந்தா காலாவதியாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த அறிவிப்பு மின்னஞ்சல் பெரும்பாலும் வேலையை விட்டுப்போன ஊழியரின் முகவரிக்குப் போயிருக்கும்.

### உடனே நிறுத்திவிட்டு நிபுணரை அழைக்க வேண்டிய இடம்

வட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரே சீரான ஒலி வந்தால் சர்வரை அணைத்துவிட்டு அழையுங்கள். தரவுத்தளம் பழுதாகிவிட்டது என்ற செய்தி வந்தால் வேறெதையும் முயலாமல் அழையுங்கள். கோப்புகளின் பெயர்நீட்டிப்பு மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் நின்றால் எல்லாக் கணினிகளின் நெட்வொர்க் கம்பிகளையும் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், காப்பு வட்டு இணைப்பில் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியை அணைக்காமல் அப்படியே விடுங்கள். நினைவகத்தில் இருப்பது விசாரிப்பவருக்குத் தேவைப்படும்.

## திறக்கிறது, ஆனால் நகர மறுக்கிறது

எந்த நேரத்தில் மெதுவாகிறது என்பதை இரண்டு நாள் குறித்து வையுங்கள். காலையில் மட்டும் என்றால் இரவு முடிந்திருக்க வேண்டிய காப்பு நகலோ வைரஸ் தேடலோ கிளினிக் திறந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் நேரத்தை மாற்றினால் போதும்.

ஒரு கணினி மட்டும் என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வட்டு, நினைவகம் ஆகிய இரண்டு வரிகளையும் பாருங்கள். வட்டு நீண்ட நேரம் 100 சதவீதத்தில் நின்றால், அதுவும் சுழலும் பழைய வட்டாக இருந்தால், அதை எஸ்எஸ்டி வட்டாக மாற்றுவதுதான் தீர்வு. புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை.

எல்லாக் கணினிகளும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி வந்திருந்தால், ஸ்கேன் செய்து சேர்க்கும் காகிதங்களைச் சந்தேகியுங்கள். ஓர் ஏ4 தாளை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்குவதற்கு முன் அது ஏறத்தாழ 100 எம்பி. அதே தாள் 200 டிபிஐ சாம்பல் நிறத்தில் 4 எம்பிக்கும் குறைவு. பழைய ரிப்போர்ட்டைப் படிக்க இரண்டாவது போதும். ஸ்கேனரின் அமைப்பை யாரோ ஒரு நாள் வண்ணப் படத்துக்காக மாற்றியிருப்பார்கள். அது அப்படியே நின்றுவிட்டிருக்கும். இன்றே மாற்றுங்கள். ஏற்கெனவே சேர்ந்தவற்றைச் சுருக்கும் வேலையை மென்பொருள் நிறுவனத்திடம் விடுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லை, தேடல் மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால் அது தரவுத்தளத்தின் உள்வேலை. நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

## ஒருவருடைய விவரம் இன்னொருவருடைய கோப்பில் இருக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மற்ற கோளாறுகள் நேரத்தைத் தின்னும். இது ஆளைத் தின்னும்.

முதல் வேலை மருத்துவரிடம் சொல்வது. கணினிக்காரரிடம் பிறகு சொல்லலாம். அந்த முடிவைப் பார்த்து மருந்து எழுதியிருக்கிறாரா, யாரிடமாவது வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறாரா என்று அவருக்குத்தான் தெரியும். பிறகும் தவறான பதிவை அழிக்காதீர்கள். 'தவறான நோயாளி' என்று குறியிட்டு மறைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்; இல்லையென்றால், தேதி, நேரம், பெயருடன் திருத்தக் குறிப்பு ஒன்றைச் சேருங்கள். அழித்துவிட்டால், எப்படி நடந்தது என்பதைத் தேடும் தடயமும் போய்விடும்.

அடுத்து, அதற்கு முந்தைய நோயாளியையும் பிந்தைய நோயாளியையும் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரத்த மாதிரிக் குழாய்களில் லேபிள் ஓர் இடம் தள்ளி ஒட்டப்பட்டிருந்தால் தவறு ஒருவரோடு நிற்காது. 12ஆம் குழாயின் முடிவு 13ஆம் ஆளுக்கும், 13ஆம் குழாயின் முடிவு 14ஆம் ஆளுக்குமாக அந்த வரிசை முழுக்கப் போயிருக்கும். ஆய்வகக் கருவி தன் நினைவகத்தில் முடிவுகளை மாதிரி எண்ணோடு வைத்திருக்கும். அதையும் மென்பொருளில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து, அந்தத் தொகுதியின் முதல் மாதிரியிலிருந்து கடைசி வரை ஒப்பிடுங்கள்.

### இரண்டும் ஒத்துப்போனால்

தவறு கருவிக்கு முன்பே நடந்திருக்கிறது. அதாவது மாதிரி எடுக்கும் மேசையில். லேபிள்களை மொத்தமாக அச்சடித்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஒட்டும் வழக்கம் இருக்கிறதா? அதை நிறுத்துங்கள். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவர் வாயால் பெயரும் பிறந்த தேதியும் சொல்லக் கேட்டு, அந்தக் குழாயில் ஒட்ட வேண்டும். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் காது மந்தமானவரும் பதற்றத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அடையாளம் காண இரண்டு விவரங்களாவது வேண்டும். பெயர் மட்டும் போதாது. அறை எண்ணும் டோக்கன் எண்ணும் அடையாளத்தில் சேராது.

### ஒத்துப்போகவில்லை என்றால்

நடவடிக்கைப் பதிவேட்டைத் திறங்கள். யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு அந்த விவரத்தைச் சேர்த்தார் என்பது அதில் இருக்கும். பெரும்பாலும் காரணம் ஒரே திரையில் திறந்திருந்த இரண்டு நோயாளிகளின் தாவல்கள். மருத்துவர் ஒருவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி வரும். இன்னொரு கோப்பைத் திறந்து பதில் சொல்வார். திரும்பி வந்து திறந்திருப்பதில் எழுதுவார். ஒரு நேரத்தில் ஒரே கோப்புதான் திறக்கும்படி அமைக்க முடிந்தால் அப்படியே அமைத்துவிடுங்கள். கொஞ்சம் எரிச்சல் தரும், ஆனாலும் அதுதான் சரி.

பதிவேட்டில் 'வரவேற்பு' என்ற பொதுப் பெயர் மட்டும் இருந்தால், மூன்று பேர் ஒரே கடவுச்சொல்லில் வேலை செய்கிறார்கள். அவரவருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். பழி சொல்ல அல்ல; பழியில்லாதவரைக் காப்பாற்றவும் அதுதான் வழி.

### ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் இருந்தால்

முன்னெழுத்து பெயருக்கு முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை; ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்; பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம்மாறியிருப்பது; வயது மட்டும் தெரிந்து பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் 01/01 என்று போட்டிருப்பது. இரட்டைக் கோப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு கோப்பில் ஒவ்வாமை எழுதப்பட்டிருக்கும். மருத்துவர் திறப்பது மற்றதாக இருக்கும்.

இணைக்கும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இணைப்பதற்கு முன் காப்பு நகல் எடுக்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றும் ஏறக்குறைய ஒத்திருந்தாலும் நம்பிவிடாதீர்கள். இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியும் பெற்றோரின் கைபேசி எண்ணும் ஒன்றே, பெயரும் ஓர் எழுத்துதான் வேறுபட்டிருக்கும். பிரிந்திருக்கும் இரண்டு கோப்புகளை நாளைக்கும் இணைக்கலாம். தவறாக இணைந்த இரண்டு பேரைப் பிரிப்பது மிகவும் கடினம்.

### எப்போது நிறுவனத்தை அழைப்பது

பதிவேட்டின்படி யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் விவரம் இடம்மாறியிருக்கிறது என்றால் உடனே. இரண்டாவது முறை நடக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர்கள் வந்து பார்க்கும்வரை கருவியிலிருந்து தானாக முடிவு ஏறுவதை நிறுத்திவிட்டு, கையால் பதிந்து, இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

## ஆய்வகக் கருவியின் முடிவு மென்பொருளில் ஏறவில்லை

### எந்த முடிவும் வரவில்லை

கருவியின் திரையில் சர்வருடனான தொடர்பு 'ஆஃப்லைன்' என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு கருவியோடு பேசும் இடைமுக நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் ஆய்வகக் கணினியின் மூலையில் சிறு சின்னமாக உட்கார்ந்திருக்கும். யாராவது அறியாமல் மூடியிருப்பார்கள்.

பழைய கருவிகள் சீரியல் கம்பியில் பேசும். கணினிப் பக்கம் யுஎஸ்பி மாற்றி இருக்கும். அந்த மாற்றியைக் கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதற்குப் புது காம் போர்ட் (சீரியல் இணைப்பு) எண்ணைக் கொடுத்துவிடக்கூடும். நிரலோ பழைய எண்ணிலேயே காத்திருக்கும். பழைய துளையிலேயே திரும்பச் செருகுங்கள்; அந்தத் துளைக்கு மேல் ஒரு துண்டு ஒட்டி 'இங்கே மட்டும்' என்று எழுதுங்கள். வேக அமைப்பு, எடுத்துக்காட்டாக 9600 என்பது, கருவியிலும் நிரலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் குப்பை எழுத்துகள் வரும் அல்லது எதுவும் வராது.

### சில முடிவுகள் மட்டும் வரவில்லை

மாதிரி எண்ணைப் பாருங்கள். லேபிளில் 000457 என்றிருப்பது கருவியில் 457 என்று கையால் தட்டப்பட்டிருந்தால், மென்பொருளுக்கு இரண்டும் வேறு. தட்டச்சு செய்யாமல் ஸ்கேன் செய்தால் தீர்ந்துவிடும். புதிதாகச் சேர்த்த ஒரு பரிசோதனை மட்டும் வரவில்லை என்றால், கருவியின் குறியீட்டையும் மென்பொருளின் குறியீட்டையும் இணைக்கும் பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை.

### முடிவு வருகிறது, எண் பொருந்தவில்லை

அலகைப் பாருங்கள். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 5.5 மில்லிமோல் என்பதும் டெசிலிட்டருக்கு 99 மில்லிகிராம் என்பதும் ஒன்றே, பெருக்குத்தொகை 18. ஒன்றின் எண் மற்றதன் அலகோடு திரையில் தோன்றினால் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கருவி நிறுவனம், மென்பொருள் நிறுவனம் இரண்டையும் ஒரே நேரத்தில் அழையுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

### ஸ்கேன் படங்கள் வரவில்லை

அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே கருவிகள் டைகாம் எனும் மருத்துவப் படப் பரிமாற்ற முறையில் படம் அனுப்பும். ஐபி முகவரி, போர்ட் எண், ஏஇ டைட்டில் (டைகாமில் கருவிக்கு இட்ட பெயர்) ஆகிய மூன்றும் இரு பக்கமும் பொருந்த வேண்டும். போர்ட் எண் பெரும்பாலும் 104 அல்லது 11112. ஏஇ டைட்டிலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. கருவியில் 'எக்கோ' அல்லது 'வெரிஃபை' என்ற பொத்தான் இருக்கும். அது வெற்றி என்றால் பாதை சரி.

நோயாளிகளின் பெயர்கள் கருவியின் ஒர்க்லிஸ்டில் (படம் எடுக்க வேண்டியவர்களின் பட்டியலில்) வரவில்லை என்றால் கருவியின் தேதியைப் பாருங்கள். அது 'இன்றைய' நோயாளிகளைத்தான் கேட்கும். கருவிக்கு இன்று என்பது வேறு நாளாக இருந்தால் பட்டியல் காலியாகத்தான் வரும். அந்த அவசரத்தில் பெயரைக் கையால் தட்டிப் படம் எடுப்பார்கள். முந்தைய பகுதியில் சொன்ன விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

## தேதியும் நேரமும் பிசகுகின்றன

சந்திப்பு நேரங்கள் எல்லாம் ஒரே அளவில், சரியாக ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ தள்ளியிருந்தால் நேர மண்டல அமைப்பைத் திருத்துங்கள். சில நிமிடங்கள் மட்டும் பிசகினால் இணைய நேர ஒத்திசைவு நின்றிருக்கிறது. அணைத்துப் போடும்போதெல்லாம் பழைய ஆண்டுக்குப் போய்விட்டால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032, 3 வோல்ட், மலிவாகக் கிடைக்கும்.

கடிகாரம் பிசகினால் வேறு இடங்களிலும் கோளாறு தலைகாட்டும். கைபேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க உள்நுழைவு எண் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. கைபேசியின் நேரமோ சர்வரின் நேரமோ தவறினால் சரியான எண்ணும் செல்லாது. பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும். காரணமில்லாமல் பல கோளாறுகள் ஒரே நாளில் கிளம்பினால் கடிகாரத்தைப் பாருங்கள்.

## மருந்துச் சீட்டு அச்சாகவில்லை

வேறு பிரிண்டரில் போய் விழுந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே இயல்பானதாக மாற்றிக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. பிரிண்டர் அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் பிரிண்டரின் முகவரி மாறியிருக்கும். சர்வருக்குச் செய்ததுபோல நிலையான முகவரி கொடுங்கள்.

வரிசையில் ஒரு வேலை சிக்கி மற்றவை நின்றால் அந்த வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, வரிசையைக் காலி செய்து, மறுபடி தொடங்குங்கள். காலி செய்யாமல் மறுதொடக்கம் செய்தால், அதுவரை யார் யாரோ அழுத்திய அத்தனை சீட்டுகளும் ஒன்றாக வந்து விழும். மருந்தகத்தில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் பெயரைப் படியுங்கள். மிகுந்ததைக் கிழித்து அழியுங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ தொடர்பில்லாத குறிகளாகவோ வந்தால் அந்த வார்ப்புரு பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் செய்யப்பட்டது. மருந்து உண்ணும் முறையைத் தமிழில் தரும் சீட்டு என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். வார்ப்புருவை யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்வதுதான் வழி.

### லேபிள் பிரிண்டர்

வெற்று லேபிளாக வருகிறதா? நகத்தால் லேபிளின் முகத்தை வேகமாகக் கீறுங்கள். கறுத்தால் அது வெப்பத்தாள். ரிப்பன் தேவையில்லை, தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். கறுக்கவில்லை என்றால் அந்த லேபிளுக்கு ரிப்பன் வேண்டும். அச்சு ஓரமாக நகர்ந்துகொண்டே போனால் லேபிள் இடைவெளியை அளக்கும் சோதனையை ஓடவிடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும்.

லேபிள் நகரும் திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் விழுந்தால், அணைத்துவிட்டு, சூடு ஆறியபின் அச்சுத்தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். துடைத்தும் கோடு நின்றால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது. தலையை மாற்ற ஆளை அழையுங்கள்.

## பார்கோடு ஸ்கேனர் ஒலிக்கிறது, எண் வரவில்லை

கணினிக்கு ஸ்கேனர் ஒரு விசைப்பலகை மட்டுமே. கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தட்டும். முதலில் கட்டத்தில் ஒருமுறை சொடுக்குங்கள். குறியீட்டில் எழுத்தும் இருந்து, அது தமிழாக மாறி விழுந்தால் யாரோ விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எண் விழுந்து, அடுத்த கட்டத்துக்குப் போகாமல் நின்றால், ஸ்கேன் முடிவில் என்டர் சேர்க்கும் அமைப்பு அழிந்திருக்கிறது. கையேட்டில் அதற்கான பார்கோடு இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் திரும்பிவிடும்.

ஒலியே எழவில்லை, ஆனால் வேறு லேபிளைப் படிக்கிறது என்றால் லேபிள்தான் காரணம். குழாயைச் சுற்றி வளைந்து ஒட்டிய பார்கோடு படிக்காது. குழாயின் நீளவாக்கில் ஒட்டுங்கள்.

## நினைவூட்டல் குறுஞ்செய்தி போகவில்லை

கணக்கில் இருப்பு, எண்ணுக்கு முன் நாட்டுக் குறியீடு. இவ்விரண்டுமே பெரும்பாலான நேரங்களில் விடை. செலவு திடீரென ஏறியிருந்தால் செய்தியின் நீளத்தைப் பாருங்கள்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. உயிர்மெய்யில் வரும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ஆங்கிலச் செய்தியில் ஓர் ஈமோஜி நுழைந்தாலும் வரம்பு 70க்கு இறங்கிவிடும். நோயின் பெயரையோ துறையின் பெயரையோ செய்தியில் எழுதாதீர்கள். கைபேசி வீட்டில் யார் கையில் இருக்கும் என்று தெரியாது.

## காப்பு நகல் 'வெற்றி' என்கிறது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது

சந்தேகப்படுவது சரிதான். கோப்பின் தேதியையும் அளவையும் பாருங்கள். தேதி பழையதாக நின்றிருந்தால் காப்பு வட்டு நிரம்பிவிட்டது, அல்லது அதன் டிரைவ் எழுத்து மாறிவிட்டது. அளவு நாளுக்கு நாள் துளியும் கூடவில்லை என்றால், மென்பொருள் மேம்படுத்தலில் தரவு வேறு கோப்புறைக்குப் போயிருக்கிறது. நீங்கள் பழைய, வெற்றுத் தரவுத்தளத்தையே நகலெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தரவுத்தளம் மட்டும் நகலாகி, ஸ்கேன் செய்த காகிதங்களும் படங்களும் இருக்கும் கோப்புறை விடுபடுவதும் நிறைய நடக்கிறது.

இதற்கு ஒரே சோதனைதான் உண்டு. சர்வர் அல்லாத வேறு ஒரு கணினியில் நகலை ஏற்றி, நேற்று வந்த ஒரு நோயாளியின் கோப்பைத் திறந்து, அவருடைய கடைசி மருந்துச் சீட்டையும் ஒரு ஸ்கேன் படத்தையும் கண்ணால் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து தரவை நீக்கிவிட மறக்க வேண்டாம்.

நகல்கள் மூன்று, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது கட்டடத்துக்கு வெளியே. எப்போதும் சர்வரில் செருகியே இருக்கும் வட்டு, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் வந்தால் சர்வரோடு சேர்ந்தே பூட்டப்படும். நகல் முடிந்ததும் கழற்றி வைக்கும் வட்டு ஒன்று வேண்டும்.

யுபிஎஸ்ஸையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காப்பு நகல் நடுவில் மின்சாரம் போனால் அந்த நகல் பயனற்றது. யுபிஎஸ் பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். மின்சாரம் போன நொடியில் சர்வரும் அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள். உருளை சூடாகும் ஒவ்வொரு முறையும் அது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது.

## ஆளை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

பிழைச் செய்தி வார்த்தை மாறாமல், தொடங்கிய நேரம், எத்தனை கணினிகள், அதற்கு முன் என்ன மாறியது, இதுவரை நீங்கள் செய்து பார்த்தவை, கடைசிக் காப்பு நகலின் தேதி. இவ்வளவும் ஒரு தாளில் இருந்தால் தொலைபேசியிலேயே பாதிக் கோளாறுகள் தீரும்.

தொலைவிலிருந்து உங்கள் திரையை இயக்க அனுமதி கேட்டால், நீங்கள் அழைத்த எண்ணிலிருந்து வந்தவருக்கு மட்டும் கொடுங்கள். "உங்கள் சர்வரில் கோளாறு தெரிகிறது" என்று அவர்களாகவே அழைத்தால் கொடுக்காதீர்கள். நோயாளிகளின் கோப்புகளை மூடிவிட்டு இணைப்பைத் திறங்கள், வேலை முடியும்வரை திரையின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும், முடிந்ததும் இணைப்பை நீங்களே துண்டித்து அன்றைக்குக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு காகிதப் படிவங்களை எடுத்துக் கணினியில் ஏற்றுங்கள்: ஒருவர் படிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய, ஒவ்வாமைக் கட்டத்தை முதலில்.